தைவான் படத்துக்குத் தமிழ் வசனம்

டிவி தெரியுதா சார்? தெரியலன்னா நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க, நான் ஜன்னலுக்குப் போயிடறேன். எனக்குப் பார்க்கணும்னு ஒண்ணும் இல்ல, வரி வரியா மனப்பாடம். இந்தப் படத்துக்கு வசனம் நான்தான்.

நம்பலியா? கொஞ்சம் பொறுங்க, பேர் வரும். இதோ... போச்சு. பஸ் திரும்பினதுல வெயில் அடிச்சிடுச்சு. ‘தமிழ் வசனம் உமாபதி’ன்னு வந்துச்சு, ஒரு செகண்டுதான் போடுவாங்க. படமும் கண்டக்டர் போட்டது இல்ல. தாராபுரம் ஸ்டாண்டுல ஏறும்போதே நான்தான் பென்டிரைவைக் குடுத்தேன். எந்த பஸ்ல ஏறினாலும் குடுத்துடுவேன். நல்ல விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேரணும் இல்லையா?

நான் கரூர் போய் மெட்ராஸுக்கு ரயில் பிடிக்கணும். ஞாயித்துக்கிழமை அதுவுமா காலையில தாராபுரத்துல ஒரு சின்ன வேலை. வேலைன்னா, ஒரு கையெழுத்து வாங்கற வேலை. வாங்கிட்டேன். வாங்கின மாதிரியும் இருக்கு, வாங்காத மாதிரியும் இருக்கு. அதை அப்புறம் சொல்றேன்.

இருபத்தாறு வருஷமா டப்பிங் வசனம் சார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவில பல்லி பில்டிங் சைஸுக்கு வந்து ஊரை மிதிக்கும் பாருங்க, ‘மாப்ள, இது பல்லி இல்லடா, பங்காளி’ன்னு ஒருத்தன் சொல்லுவான். அது நான் எழுதினது. பாம்பு, முதலை, சுறா எல்லாம் எழுதியிருக்கேன். சுறா ரொம்ப சுலபம், அது பேசாது.

டப்பிங் வசனம்னா அர்த்தம் எழுதறதுன்னு நெனச்சுக்காதீங்க. வாய்க்கு எழுதறது. திரையில அவன் உதட்டை மூடினா நம்ம வார்த்தையும் உதட்டை மூடணும். ப, ம, இந்த ரெண்டு எழுத்தும்தான் எங்களுக்குக் குலதெய்வம். அர்த்தம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஜனங்க மன்னிச்சிடுவாங்க. வாய் ஒட்டலன்னா சேனலை மாத்திடுவாங்க.

நாகரத்தினம்னு எங்க முதலாளி, சாலிகிராமத்துல டப்பிங் தியேட்டர் வெச்சிருக்கார். போன வருஷம் ஒரு சேனலுக்காக நாப்பது வெளிநாட்டுப் படம் மொத்தமா எடுத்தார். முப்பத்தொம்பது படத்துல யாராவது யாரையாவது உதைக்கறாங்க. நாப்பதாவது இது.

உக்காந்து பார்க்கறோம், ஒரு மணி நேரம் ஆச்சு. ஒருத்தனும் ஒருத்தனை அடிக்கல. பேப்பர் அச்சடிக்கறாங்க. மழை பெய்யுது. மறுபடி அச்சடிக்கறாங்க. நாகரத்தினம் சார் என் பக்கம் திரும்பி, “யோவ் உமாபதி, சீனாக்காரன் படத்துல ஏன்யா சண்டையே இல்ல?”ன்னார். “இது தைவான் சார்”னேன். “தைவான்ல சண்டை போட மாட்டானா?” “போடறாங்க சார், ஓட்டுக்கு”ன்னேன். அவர் முகம் அப்படியே மாறிடுச்சு. நம்ம ஊர்ல தேர்தல் தேதி சொல்லி அப்ப நாலு நாள்தான் ஆயிருந்துச்சு.

கதை என்னன்னா, அங்க நெஜமாவே முப்பத்தெட்டு வருஷம் ராணுவச் சட்டம் இருந்துச்சாம். வாயத் தொறந்தா ஜெயில். அந்தக் காலத்துல ஒருத்தன் அச்சாபீஸ் வெச்சு அரசாங்கத்தை எதிர்த்து பத்திரிகை போடறான், உள்ள தூக்கிப் போட்டுடறாங்க. அவன் பொண்டாட்டி அவனுக்குப் பதிலா தேர்தல்ல நிக்குது. அச்சாபீஸ்ல இருக்கற யாரோ ஒருத்தன் எல்லாத்தையும் போலீஸுக்குச் சொல்லிட்டே இருக்கான். அது யாருன்னு கண்டுபிடிக்கறதுதான் படம். இதோ, குடையோட வர்றாரே ஒரு பெரியவர், பிழை திருத்தறவர், அவர்தான். முன்னாடியே சொல்லிட்டேன், பரவாயில்ல. தமிழ்ல அப்படி இல்ல, நான் மாத்திட்டேன்.

நாகரத்தினம் சார் ஒரே வார்த்தைதான் சொன்னார். “தேர்தல் நேரத்துல செலைக்கே துணி போட்டு மூடறான். நமக்கெதுக்குய்யா வம்பு? ஓட்டு, அரசாங்கம், போலீஸ், ராணுவம், ஒண்ணும் வரக் கூடாது. சின்னம் எதுவும் வாயில வரக் கூடாது. குடும்பப் படமா மாத்திடு.”

சின்னம்னு சொல்லிட்டுப் போயிட்டார், எழுதறவனுக்குத்தானே தெரியும்? சூரியன்னு சொல்லக் கூடாது, இலைன்னு சொல்லக் கூடாது, தாமரை கூடாது, கை கூடாது. மனுஷன் கைன்னு சொல்லாம எப்படி சார் படம் பூரா பேசறது? ‘கையத் தூக்கு’ன்னு ஒரு சீன். ‘ரெண்டையும் மேல தூக்கு’ன்னு எழுதினேன். ஜெயில்ல அந்தப் புருஷன் கம்பியப் பிடிச்சுட்டு ‘நான் சூரியனைப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு’ன்னு சொல்லுவான். ‘நான் மொட்டைமாடியப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு’ன்னு போட்டேன். உதடு ரெண்டு தடவ மூடுது, அப்படியே உக்காந்துச்சு. அந்த இடத்துல ரெண்டு பேர் அழுதாங்கன்னு கேள்விப்பட்டேன்.

ராணுவச் சட்டத்துக்குத்தான் ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் வந்துச்சு பாருங்க, மாமனார். முப்பத்தெட்டு வருஷமா மாமனார் பண்ற அராஜகம். மருமக சொத்து கேக்கறா. பத்திரிகைய சொத்துப் பத்திரத்தோட நகல்னு ஆக்கிட்டேன். போலீஸ் யூனிபார்ம்ல வர்றாங்களேன்னு நீங்க கேக்கலாம். எஸ்டேட் செக்யூரிட்டி. கடைசியில அந்தம்மா மழையில லாரி மேல ஏறிப் பேசும், கீழ பத்தாயிரம் பேர் நிப்பாங்க. “அவங்கெல்லாம் யார்ணா?”ன்னு எங்க சவுண்ட் இன்ஜினியர் அன்வர் கேட்டான். பங்காளிங்கன்னேன். “பத்தாயிரம் பேருமா?” பெரிய குடும்பம்பான்னேன். அவனுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி.

அந்தக் குடைக்காரர் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. யோசிச்சுப் பாருங்க, அந்தப் படத்துலேயே புத்தியுள்ள ஆள் அவர் ஒருத்தர்தான். கத்தறதில்ல, கொடி பிடிக்கறதில்ல. நாலு பேருக்குக் கெடுதல் வரப் போகுதுன்னா முன்கூட்டியே போய்ச் சொல்ல வேண்டிய எடத்துல சொல்றார். இது துரோகமா சார்? குடும்பம் பிரியக் கூடாதுன்னு மாமனார்கிட்ட தூது போறவர்னு எழுதினேன். நல்ல வசனமெல்லாம் அவருக்குத்தான். குரலும் நானே குடுத்தேன். இதோ, இப்பப் பேசறார் பாருங்க. பஸ் சத்தத்துல சரியா விழல.

மருமகளுக்குக் குரல் தேவகிருபை. அந்தப் பொண்ணப் பத்திதான் சொல்ல வந்தேன்.

அந்தப் பொண்ண இந்த ஃபீல்டுக்குக் கொண்டு வந்ததே நான்தான் சார். சூளைமேட்டுல ஒரு சர்ச்சுல வேதம் வாசிச்சிட்டு இருந்துச்சு. கல்யாணத்துக்குப் போன எடத்துல கேட்டேன். அப்படி ஒரு குரல். மைக்கே வேணாம், கடைசி பெஞ்சு வரைக்கும் வந்து தொடும். ஒம்பது வருஷம் என்கூட வேலை. ‘அண்ணே அண்ணே’ன்னு சுத்தி வரும். எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி இல்ல, இதுதான் தங்கச்சின்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். வேணும்னா சாலிகிராமத்துல யாரை வேணா கேளுங்க.

ஒரே குறை, அது இங்கிலீஷ் சீட்டைப் படிக்கும். படத்தோட கூடவே இங்கிலீஷ்ல வசனச் சீட்டு வரும். ஆர்ட்டிஸ்ட் யாரும் அதைத் தொட மாட்டாங்க, வசனகர்த்தா குடுக்கறதப் பேசிட்டுப் போவாங்க. இது உக்காந்து படிக்கும்.

அந்த லாரி சீன். நான் எழுதினது: ‘எங்களுக்கு மாமா வேணாம். மாமா வெச்ச தோட்டம்தான் வேணும்.’ எத்தனை ம வருது எண்ணிப் பாருங்க. தேவகிருபை சீட்டைப் பார்க்குது, என்னைப் பார்க்குது. “அண்ணே, இதுல வேற இருக்கே. ‘எங்களுக்கு நல்ல ராஜா வேணாம், ராஜாவ மாத்தற உரிமை வேணும்’னு இருக்கே”ன்னுச்சு. “இருக்கட்டும்மா”ன்னேன்.

“புருஷனை ஜெயில்ல விட்டுட்டு மழையில நின்னு தோட்டத்தையாண்ணே கேப்பா அந்தப் பொம்பள?”

“கேப்பாம்மா. உதடு ஒத்துப்போகுது.”

அதுக்கப்புறம் மைக் முன்னாடி போய் நின்னுச்சு. நான் எழுதினதத்தான் பேசுச்சு. ஒரே டேக். எனக்கும் திருப்தி. நான் எதிர்க்கடையில வடை சாப்பிடப் போயிட்டேன்.

திரும்பி வந்தா எல்லாம் முடிஞ்சு லைட்டை அணைச்சுட்டாங்க. நாலு நாள் கழிச்சு மிக்ஸிங்ல உக்காந்திருக்கேன், லாரி சீன் வருது. ‘எங்களுக்கு நல்ல ராஜா வேணாம். ராஜாவ மாத்தற உரிமை வேணும்’. தேவகிருபை குரல். நான் வடைக்குப் போன நேரத்துல அன்வர்கிட்ட இன்னொரு டேக் கேட்டுப் பேசியிருக்குது. அவனும் பழைய டேக்கை அழிச்சுட்டு அதையே சேர்த்திருக்கான்.

பொய் சொல்லக் கூடாது சார், நல்லாத்தான் இருந்துச்சு. உடம்பு சிலிர்த்துப் போச்சு. இருபத்தாறு வருஷத்துல நான் எழுதின எந்த வரியும் என்னை அப்படிப் பண்ணினதில்ல. அதனாலதான் பயந்துட்டேன். எனக்கே இப்படின்னா, வீட்ல உக்காந்து பார்க்கறவனுக்கு எப்படி இருக்கும்?

நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. நாகரத்தினம் சார் காதுல ஒரு வார்த்தை போட்டு வெச்சேன். ‘லாரி சீனை மட்டும் ஒரு தடவ கேட்டுடுங்க சார்’னேன், அவ்வளவுதான். “யாருய்யா மாத்தினது?”ன்னு அவராத்தான் கேட்டார். கேட்டா சொல்லணும்ல? ‘அன்வரும் சேர்ந்துதான்’னு கூட நான் சொல்லல. அவன் புள்ளகுட்டிக்காரன்.

முதலாளி வேற ஒரு பொண்ணக் கூப்பிட்டு அந்த ஒரு வரியை மட்டும் பேச வெச்சார். நான் எழுதினபடி. சேனல்காரன் ஒரு இடத்துல கூடக் கத்தரி போடல. ஒரு ஆட்சேபம் இல்ல, ஒரு போன் வரல. ‘உமாபதி, உன்னாலதான்யா தப்பிச்சோம்’னு எல்லார் முன்னாடியும் சொன்னார். அதே வாரம் மத்த தியேட்டர்காரங்களுக்கும் போன் போட்டு, தேவகிருபையைக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டார். அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்? நுணலும் தன் வாயால் கெடும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

பதினோரு மாசம். ஒரு இடத்துல கூடக் கூப்பிடல. ஒரு நாள் தியேட்டர் வாசல்ல நின்னு, “அண்ணே, யாராவது ஏதாவது சொன்னாங்களா? நான் என்ன தப்பு பண்ணேன்?”னு கேட்டுச்சு. மனசு கஷ்டமாயிடுச்சு. மார்க்கெட்டே டல்லா இருக்கும்மான்னேன். அப்புறம் ரூமைக் காலி பண்ணிட்டு தாராபுரத்துல அக்கா எஸ்தர் வீட்டுக்கு வந்துடுச்சு. இங்க ஒரு பனியன் கம்பெனியில பிசிறு வெட்டற வேலை.

ஏன் பாட்டு போடறாங்க? கண்டக்டர்! கண்டக்டர், படம் போயிட்டு இருந்துச்சே! என்னது, பின்சீட்டுல கேட்டாங்களா? சரி விடுங்க. அவங்களும் காசு குடுத்துதான ஏறியிருக்காங்க. எப்பவுமே இந்த எடத்துலதான் மாத்துவாங்க. பென்டிரைவை மட்டும் மறக்காம வாங்கணும்.

எங்க விட்டேன்? இந்த அன்வர் சும்மா இருக்கக் கூடாதா? போன மாசம் எங்க டப்பிங் சங்கத்துல மனு குடுத்துட்டான். ஒரு ஆர்ட்டிஸ்டை வாய்மொழியா எப்படித் தடை பண்ணலாம், முதலாளிகிட்ட போட்டுக்குடுத்தது யாரு, விசாரிங்கன்னு எழுதியிருக்கான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வர்ற வெள்ளிக்கிழமை விசாரணை. நாகரத்தினம் சார் கூப்பிட்டு, “அந்தப் பொண்ணுகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுய்யா. திங்கக்கிழமைலேருந்து மறுபடி வேலைக்குக் கூப்பிடறேன்”னார். பெரிய மனசு.

லெட்டரை நானே எழுதினேன். அது கஷ்டப்பட வேணாம்னு. அது பேசற மாதிரியே எழுதினேன், அதுதானே என் தொழிலு.

வீட்டைக் கண்டுபிடிக்க அரைமணி ஆச்சு. ஒரே ரூம், நடுவுல புடவையக் கட்டித் தடுத்திருக்காங்க, அக்கா புள்ளைங்க மூணு. இப்பத்தான் சர்ச்சுலேருந்து வந்துதாம். “வாங்கண்ணே”ன்னுச்சு. சார், எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. குரலே இல்ல. பஞ்சு தூசி. தொண்டை கட்டி, ஏதோ பலகையில உப்புத்தாள் போடற மாதிரி வருது. கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. “சரியாயிடும்ணே, டாக்டர் சொல்லியிருக்கார். அங்க மிஷின் சத்தத்துல யாரும் பேசறதில்ல, அதனால பரவாயில்ல”ன்னு அது எனக்கு சமாதானம் சொல்லுது.

லெட்டரைக் குடுத்தேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சங்கத்துல குடுத்துட்டா அதுக்கடுத்த திங்கக்கிழமை நீ மைக் முன்னாடி நிக்கலாம்மான்னேன். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துடுச்சு. “போட்டுக் குடுத்துருடி, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பஞ்சுல சாவறது”ன்னாங்க. எனக்கும் அக்காவுக்கும் டீ போட்டுக் குடுத்துட்டு, கீழ உக்காந்து படிச்சுது.

என்ன எழுதியிருந்தேன்னா, ‘வசனகர்த்தாவின் அனுமதி இல்லாமல் வசனத்தை மாற்றிப் பேசினேன். அது என் பொறுப்பு. இப்போது ஊரில் அக்கா வீட்டில் இருக்கிறேன். என் மேல் யாரும் தடை போடவில்லை. என்னைப் பற்றி முதலாளியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. குறிப்பாக, திரு. உமாபதி அண்ணன் அவர்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.’ அவ்வளவுதான். இதுல என்ன சார் இருக்கு?

ரெண்டு தடவ படிச்சுது. அப்புறம் தாளைப் பார்த்துக்கிட்டே மெதுவாப் பேசுச்சு. “அண்ணே, யார் சொல்லியிருப்பாங்கன்னு பதினோரு மாசமா யோசிச்சேன். அன்வராத்தான் இருக்கும்னு நெனச்சு அவன் போன் பண்ணினாக்கூட எடுக்கறதில்ல. உங்களை நான் நெனச்சுக்கூடப் பார்க்கலண்ணே.”

“நல்லதாப் போச்சும்மா, அதைத்தானே நானும் எழுதியிருக்கேன்”னேன்.

என்னை நிமிந்து பார்த்துச்சு. கோபமாப் பார்த்திருந்தாக் கூட நான் பதில் சொல்லியிருப்பேன். அக்காதான் என்னடி, என்னாச்சுன்னு கேட்டாங்க. புள்ளைங்கள்ல ஒண்ணுகிட்ட பேனா வாங்கிச்சு. கடைசி மூணு வரியையும் அடிச்சுது. தாளு கிழியற மாதிரி எல்லாம் இல்ல, நிதானமா, ஸ்கேல் வெச்ச மாதிரி. கீழ கையெழுத்துப் போட்டு என்கிட்ட நீட்டுச்சு.

“பேசினது நான்தான், அதை எங்க வேணா ஒத்துக்கறேன். மத்தத நானே வந்து பேசிக்கறேண்ணே. வெள்ளிக்கிழமை வர்றேன்”னுச்சு. அக்கா அழ ஆரம்பிச்சுட்டாங்க. வேலை போச்சேன்னு இருக்கும். நான், ‘இந்தத் தொண்டைய வெச்சுக்கிட்டு அங்க வந்து என்னம்மா பேசுவே?’ன்னு நல்ல எண்ணத்துலதான் கேட்டேன். “கேக்கறவங்க கிட்ட வந்து கேப்பாங்கண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க”ன்னுடுச்சு. டீ பாதிதான் குடிச்சிருந்தேன்.

எனக்கு வலிச்சுது சார். ஒம்பது வருஷம் தங்கச்சின்னு பழகியிருக்கேன். இந்த வெயில்ல மெட்ராஸ்லேருந்து அதுக்கு வேலை வாங்கிக் குடுக்கணும்னு வந்திருக்கேன். நான் அப்படி என்ன கேட்டுட்டேன்? எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு ஒரு வரி. அதைச் சொல்ல மனசு வரல பாருங்க. நான் இத்தனை வருஷம் எழுதிக் குடுத்த எந்த வரியையும் அது அடிச்சதில்ல.

சரி, அது கிடக்கட்டும். இதோ பாருங்க, இதுதான் லெட்டர். மேல மூணு வரி சுத்தமா இருக்கு. கையெழுத்தும் இருக்கு. அடிச்சது மட்டும்தான் அசிங்கமாத் தெரியுது. இதை அப்படியே கொண்டு போய்க் குடுத்தா, என்னத்த அடிச்சிருக்குன்னு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் படிப்பாங்க. அன்வர் படிப்பான்.

சார், உங்க கையெழுத்து எப்படி? டிக்கெட்டுக்குப் பின்னாடி கண்டக்டர் பாக்கி எழுதினப்போ நீங்க அவருக்கு உங்க பேரும் போன் நம்பரும் எழுதிக் குடுத்தீங்க, பார்த்தேன். முத்து முத்தா இருந்துச்சு. என்கிட்ட வெள்ளைத்தாள் இருக்கு, பேனா இருக்கு. ஆறு வரிதான். நான் சொல்லச் சொல்ல எழுதினாப் போதும். என் எழுத்து சங்கத்துல எல்லாருக்கும் தெரியும், இருபத்தாறு வருஷமாப் படிக்கறாங்க. உங்க எழுத்தை யாருக்குத் தெரியும்? கீழ தேவகிருபைன்னு, இதைப் பார்த்து, ‘தே’ மட்டும் கொஞ்சம் சாஞ்சாப்ல. பஸ் குலுங்கறதுன்னு யோசிக்காதீங்க, அழுதுட்டே போட்ட மாதிரி நல்லாத்தான் இருக்கும். அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தான் சார் கேக்கறேன்.

என்ன, பையெல்லாம் எடுக்கறீங்க? சார்? இது சின்னதாராபுரம் சார். கரூருக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க, நான் பக்கத்துலதானே இருந்தேன். சார், கரூர் இன்னும் வரல சார்.